பிரேக்கை மிதித்தால் மங்கும் டெயில் லைட்: முழு விளக்கையும் மாற்றுவதற்கு முன் பார்க்க வேண்டியவை

கேள்வி இதுதான்: 2014 மாடல் வேகன் ஆர் காரில், இரவில் பார்க்கிங் லைட் எரிந்துகொண்டிருக்கும்போது பிரேக்கை மிதித்தால், வலப்பக்க டெயில் லைட் பிரகாசமாவதற்குப் பதிலாக மங்கிவிடுகிறது. வலப்பக்க இண்டிகேட்டரைப் போட்டால் அதே பக்கத்துச் சிவப்பு விளக்கும் சேர்ந்து துடிக்கிறது. பல்பை இரண்டு முறை மாற்றியும் பயனில்லை. டெயில் லைட்டை முழுமையாக மாற்ற வேண்டும் என்று மெக்கானிக் சொல்கிறார். அவர் சொல்வது சரியா, அப்படியே மாற்றுவதானால் எல்இடி போட்டுக்கொள்ளலாமா?

முழு விளக்கையும் மாற்ற வேண்டிய தேவை பெரும்பாலும் இருக்காது. நீங்கள் சொல்லும் அறிகுறிகள் பல்பு பழுதாவதால் வருபவை அல்ல. அந்தப் பக்கத்து விளக்கின் எர்த் இணைப்பு, அதாவது மின்சாரம் காரின் உலோக பாடிக்குத் திரும்பிச் செல்லும் வழி, விட்டுப்போயிருப்பதால் வருபவை. டெயில் லைட் விஷயத்தில் எது எரிகிறது, எது எரியவில்லை, எதைப் போடும்போது எது மாறுகிறது என்பதைப் பின்னால் நின்று பொறுமையாகப் பார்த்தாலே பழுது இருக்கும் இடம் ஏறக்குறையத் தெரிந்துவிடும். அதைப் பார்க்காமல் உதிரிபாகத்தை மாற்றத் தொடங்கினால், புதிய விளக்கும் அதே பழைய எர்த்தில்தான் போய்ச் சேரும். பணம் செலவான பிறகும் விளக்கு மங்கலாகத்தான் எரியும்.

அறிகுறிக்கான காரணத்தைச் சற்று விளக்குகிறேன். உங்கள் காரின் சிவப்பு விளக்கில் இருப்பது பி21/5டபிள்யூ என்ற வகைப் பல்பு. ஒரே கண்ணாடிக் குமிழுக்குள் இரண்டு இழைகள் இருக்கும்; 5 வாட் இழை பார்க்கிங் லைட்டுக்கு, 21 வாட் இழை பிரேக்குக்கு. இரண்டுக்கும் மின்சாரம் தனித்தனி ஒயரில் வந்தாலும் திரும்பிச் செல்லும் வழி ஒன்றுதான், அதாவது பல்பின் பித்தளை உடம்பும் அதிலிருந்து புறப்படும் எர்த் ஒயரும். பல கார்களில் இண்டிகேட்டர், ரிவர்ஸ் பல்புகளும் அதே எர்த் ஒயரைத்தான் பகிர்ந்துகொள்கின்றன. அந்த ஒயர் எங்காவது விட்டுப்போனால் மின்சாரம் நின்றுவிடுவதில்லை, வேறு வழி தேடுகிறது. பார்க்கிங் லைட்டைப் போட்டவுடன் 5 வாட் இழையின் வழியாக வரும் மின்சாரம், பக்கத்திலிருக்கும் 21 வாட் இழைக்குள் பின்புறமாக நுழைந்து, பிரேக் ஒயர் வழியாக இடப்பக்கத்து பிரேக் பல்பை அடைந்து, அங்குள்ள நல்ல எர்த்தில் இறங்கிவிடுகிறது. 21 வாட் இழையின் மின்தடை மிகக் குறைவு என்பதால் பார்க்கிங் லைட் ஏறக்குறைய இயல்பாகவே எரியும். உங்களுக்கு எந்தச் சந்தேகமும் வராது. ஆனால் பிரேக்கை மிதித்தவுடன் அந்த பிரேக் ஒயரிலும் பேட்டரியின் 12 வோல்ட் வந்து நிற்கிறது. இரு பக்கமும் ஒரே அழுத்தம் இருந்தால் மின்சாரம் எங்கே ஓடும்? விளக்கு அணைந்துவிடும், அல்லது எர்த் முழுமையாக விடாமல் துருவினால் பலவீனமாக மட்டும் ஆகியிருந்தால் மங்கிவிடும். இண்டிகேட்டரோடு சேர்ந்து சிவப்பு விளக்கு துடிப்பதும் இதே கணக்குதான்.

ஆகவே முதலில் செய்ய வேண்டியது ஒரு சிறு சோதனை. டிக்கியைத் திறந்தால் டெயில் லைட்டின் உள்விளிம்பில் இரண்டு ஸ்க்ரூக்கள் தெரியும். அவற்றைக் கழற்றி விளக்கை வெளியே எடுத்து, ஒயர்கள் விளக்கோடு சேரும் பிளாஸ்டிக் இணைப்பான கப்ளரைக் கழற்றாமல், விளக்கைத் தொங்கவும் விடாமல் கையில் பிடித்துக்கொள்ளுங்கள். கப்ளருக்கு வரும் ஒயர்களில் எர்த் பெரும்பாலும் கறுப்பு நிறத்தில் இருக்கும். ஒரு துண்டு ஒயரின் ஒரு முனையை அந்த எர்த் முனையிலும், மறுமுனையை டிக்கியின் உட்பக்கத்தில் பெயின்ட் இல்லாத ஒரு போல்ட்டிலும் வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டு, இன்னொருவரை பிரேக் மிதிக்கச் சொல்லுங்கள். விளக்கு பளிச்சென்று எரிந்தால் பழுது உறுதியாகிவிட்டது. மல்டிமீட்டர் இருந்தால் இன்னும் துல்லியமாகப் பார்க்கலாம்: பார்க்கிங், பிரேக் இரண்டும் போட்ட நிலையில், விளக்கின் எர்த் முனைக்கும் பாடியின் வெறும் உலோகத்துக்கும் இடையே வோல்டேஜைப் பாருங்கள். நல்ல எர்த்தில் அது 0.1 அல்லது 0.2 வோல்ட்டுக்கு மேல் போகாது. அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அந்த இணைப்பு கெட்டுவிட்டது என்று பொருள்.

எர்த் ஒயரைப் பின்தொடர்ந்து போனால், டிக்கியின் பக்கவாட்டு பிளாஸ்டிக் உறைக்குப் பின்னால் பாடியில் போல்ட் போட்டு இறுக்கிய ஒரு வளையத்தில் அது முடியும். கடலோர ஊர்களில் ஓடும் கார்களில் இந்த இடம் துருப்பிடிப்பது மிகச் சாதாரணம். ஐப்பசி, கார்த்திகை மழையில் டிக்கியின் ரப்பர் வழியாகத் தண்ணீர் கசிந்தால் கடலோரம் இல்லாத ஊர்களிலும் இதே கதைதான். போல்ட்டைக் கழற்றி, வளையத்தின் இரு பக்கத்தையும் பாடியில் அது அமரும் இடத்தையும் உப்புத்தாளால் பளபளப்பாகத் தேய்த்து, மீண்டும் இறுக்கிய பிறகு மேலே சிறிது வாசலின் தடவிவிடுங்கள். இறுக்குவதற்கு முன் தடவுவதைவிட இறுக்கிய பின் மேலே தடவுவதே நல்லது. ஈரத்தைத் தடுப்பதுதான் அதன் வேலை.

எர்த் போல்ட் சுத்தமாகவே இருந்தால் அடுத்துப் பார்க்க வேண்டியது ஹோல்டர். பல்பின் உடம்பைப் பிடித்துக்கொள்ளும் தகடும், அடியில் உள்ள இரண்டு முனைகளைத் தொடும் சிறு ஸ்பிரிங் தகடுகளும் வருடக்கணக்கான சூட்டில் விறைப்பை இழந்துவிடும். தொடுமிடம் தளர்ந்தால் அங்கே மேலும் சூடு உண்டாகும். அந்தச் சூட்டில் பிளாஸ்டிக் இளகிப் பழுப்பேறும். ஹோல்டரைக் கையில் எடுத்துப் பார்த்தாலே இது தெரியும். பச்சைக் களிம்பு மட்டும் இருந்தால் சுத்தம் செய்து தகட்டை மெல்ல நிமிர்த்திவிடலாம். உருகியிருந்தால் ஹோல்டரை மாற்றுவதே ஒரே வழி. பல மாடல்களுக்கு அது ஒயரோடு தனியாகக் கிடைக்கிறது. கிடைக்காத பழைய மாடலாக இருந்தால், சென்னையில் இருப்பவர்கள் பழைய உதிரிபாகக் கடைகள் உள்ள புதுப்பேட்டையில் கழற்றிய டெயில் லைட்டிலிருந்து நல்ல ஹோல்டராகத் தேர்ந்தெடுத்து வாங்கலாம். ஹோல்டர் உருகியதற்குக் கூடுதல் வாட் பல்பு காரணமா என்பதையும் பாருங்கள்.

பல்பை இரண்டு முறை மாற்றியதாகச் சொன்னீர்கள். எந்தப் பல்பு போடப்பட்டது என்பதையும் ஒரு முறை சரிபார்த்துவிடுவது நல்லது. இரட்டை இழைப் பல்பின் பக்கவாட்டில் உள்ள இரண்டு சிறு ஊசிகள் ஒரே உயரத்தில் இருக்காது. ஒன்று மேலே, ஒன்று கீழே இருக்கும். பல்பைத் தலைகீழாக மாற்றிப் போட்டுவிடக் கூடாது என்பதற்காகவே அப்படிச் செய்திருக்கிறார்கள். ஹோல்டர் தளர்ந்திருந்தால் அவசரத்தில் இதையும் மீறி அழுத்தித் திருப்பிவிட முடியும். அப்போது பார்க்கிங் லைட் கண்ணைக் கூசும்படி எரியும், பிரேக் மிதித்தால் எந்த மாற்றமும் தெரியாது. ஒற்றை இழைப் பல்பான பி21டபிள்யூவை அந்த இடத்தில் திணித்துவிட்டு, ஒயரிங் கோளாறு என்று வண்டியைத் திருப்பித் தந்த கடைகளும் உண்டு. இண்டிகேட்டரில் வெள்ளைக் கண்ணாடி இருக்கும் கார்களுக்கு ஆரஞ்சு நிறம் பூசிய பல்புதான் போட வேண்டும். அதன் ஊசிகள் நேரெதிரே இல்லாமல் சற்றுக் கோணலாக இருப்பதும், சாதாரண வெள்ளைப் பல்பை அங்கே மாட்டிவிடக் கூடாது என்பதற்காகத்தான்.

பல்பு மாற்றும் வேலை எளிது. விளக்கை அணைத்துச் சில நிமிடங்கள் ஆறவிட்டு, ஹோல்டரைக் கால் சுற்று இடப்பக்கமாகத் திருப்பி வெளியே எடுத்து, பல்பை உள்ளே அழுத்தி இடப்பக்கமாகத் திருப்பினால் வந்துவிடும். கண்ணாடியைக் கையால் தொடவே கூடாது என்று பலர் எச்சரிப்பார்கள்; அது ஹெட்லைட்டில் உள்ள ஹாலஜன் பல்புக்கு உரிய விதி. சாதாரண டெயில் லைட் பல்பில் விரல்ரேகை பட்டால் ஒரு துணியால் துடைத்துவிட்டால் போதும். கழற்றிய பல்பின் உட்புறம் கறுத்தோ வெள்ளிபோல மினுங்கியோ இருந்தால், இப்போது எரிந்தாலும் அதன் ஆயுள் முடியப்போகிறது என்று அறியலாம். ஒரு பக்கம் இயல்பாக ஆயுள் முடிந்து போயிருந்தால் மறுபக்கப் பல்பையும் சேர்த்து மாற்றிவிடுங்கள். இரண்டும் ஒரே நாளில் வேலைக்கு வந்தவை.

வேறு சில அறிகுறிகளையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஒரு பக்க இண்டிகேட்டர் மட்டும் வழக்கத்தைவிட வேகமாகத் துடித்தால் அந்தப் பக்கத்தில் முன்னாலோ பின்னாலோ ஒரு பல்பு போய்விட்டது. நிமிடத்துக்கு 60 முதல் 120 முறை துடிப்பதே இயல்பு. மூன்று பிரேக் லைட்டுகளும் ஒரே நேரத்தில் எரியாமல் போனால் பல்புகளைத் தொடவே வேண்டாம். ஃப்யூஸையும், பிரேக் பெடலுக்கு மேலே உள்ள சுவிட்சையும் பாருங்கள். பின்கண்ணாடிக்கு மேலே இருக்கும் மூன்றாவது விளக்கு எரிந்து, கீழே உள்ள இரண்டில் ஒன்று மட்டும் எரியாவிட்டால் சுவிட்ச் நன்றாகவே இருக்கிறது. நம்பர் பிளேட் விளக்கு டிக்கியை ஆட்டும்போது எரிந்து எரிந்து அணைந்தால், பாடிக்கும் பின்கதவுக்கும் இடையே உள்ள ரப்பர் குழாய்க்குள் ஒயர் முறிந்திருக்கும். ஆயிரக்கணக்கான முறை திறந்து மூடும்போது அந்த இடத்தில்தான் ஒயர் மடங்குகிறது. மாதக்கணக்கில் ஒரே இடத்தில் நிற்கும் கார்களில் எலி கடித்த ஒயரும் இதே வேலையைச் செய்யும். அத்தகைய ஒயரை முறுக்கி டேப் சுற்றி விடாமல், ஈயம் வைத்துப் பற்றவைத்து, சூடாக்கினால் சுருங்கும் உறையை மாட்டச் சொல்லுங்கள்.

ஃப்யூஸ் பற்றி ஒரு வார்த்தை. தகட்டு வகை ஃப்யூஸ்களில் சிவப்பு 10 ஆம்பியர், நீலம் 15 ஆம்பியர். போன ஃப்யூஸின் இடத்தில் அதே அளவுதான் வர வேண்டும். போட்டவுடன் மீண்டும் போனால் எங்கோ ஒயர் பாடியில் உரசுகிறது, அல்லது பல்புக்குள் இழை அறுந்து மற்ற இழையின் மேல் விழுந்திருக்கிறது. அந்த நிலையில் பெரிய ஃப்யூஸையோ செம்புக் கம்பியையோ போட்டு ஓட்டுவது, ஒயரிங் கட்டையே ஃப்யூஸாக மாற்றுவதாகும்.

பிரேக் பெடல் சுவிட்சில் ஒரு கோளாறு அடிக்கடி காணப்படுகிறது. சுவிட்சின் முனை வந்து இடிக்கும் இடத்தில் பெடல் கம்பியில் ஒரு சிறு பிளாஸ்டிக் அல்லது ரப்பர் பட்டன் இருக்கும். பத்து வருட வெயிலில் அது பொடிந்து கீழே விழுந்துவிட்டால், காலை எடுத்த பிறகும் பிரேக் லைட் அணையாது. பல கார்களில் பிரேக் லைட் சாவியில்லாமலேயே எரியக்கூடியது. இரண்டு 21 வாட் பல்புகள் சேர்ந்து ஏறக்குறைய மூன்றரை ஆம்பியர் எடுக்கும். பத்து மணி நேரத்தில் 35 ஆம்பியர்-மணி. சிறிய பெட்ரோல் கார்களின் பேட்டரி கொள்ளளவே பெரும்பாலும் அவ்வளவுதான். காலையில் வண்டி ஸ்டார்ட் ஆகாமல் பேட்டரியைக் குறை சொல்பவர்கள், காரின் தரைவிரிப்பில் உடைந்த பிளாஸ்டிக் துண்டு கிடக்கிறதா என்று ஒருமுறை பார்க்கலாம்.

இனி முழு டெயில் லைட்டையும் மாற்ற வேண்டிய நிலை எப்போது வரும்? சிவப்புக் கண்ணாடி உடைந்து வெள்ளை வெளிச்சம் பின்னால் தெரிந்தால், உள்ளே இருக்கும் வெள்ளிப் பூச்சு உரிந்துவிட்டால், பாடியில் மாட்டும் காதுகள் முறிந்துவிட்டால், அல்லது எல்இடி விளக்குகள் பிரிக்க முடியாதபடி உள்ளேயே அமைந்த புதிய கார்களில் அவை எரியாமல் போனால். சிறு விரிசல் மட்டும் என்றால் சிவப்பு ஒளிபுகும் டேப்பை ஒட்டிச் சில நாட்கள் ஓட்டலாம். அது தற்காலிகம் மட்டுமே.

மாற்றும்போது அதிகச் சேதம் நேர்வது கழற்றும் கட்டத்தில்தான். வேகன் ஆர், ஆல்டோ போன்ற ஹேட்ச்பேக்குகளில் ஸ்க்ரூக்களைக் கழற்றிய பிறகும் விளக்கு வராது; அதன் வெளிப்பக்கத்தில் உள்ள பிளாஸ்டிக் முளைகள் பாடியின் துளைகளுக்குள் இறுகி நிற்கும். பக்கவாட்டில் நெம்பாமல், வண்டியின் பின்புறம் நோக்கி நேராக இரு கைகளாலும் இழுக்க வேண்டும். ஸ்க்ரூடிரைவரை இடையில் விட்டு நெம்பினால் முதலில் போவது பெயின்ட், அடுத்து முளை. ஓரங்களில் பாடியின் மேல் காகித டேப் ஒட்டிக்கொள்வது நல்ல பழக்கம். செடான் கார்களில் பெரும்பாலும் டிக்கியின் உள் உறையை விலக்கி, பின்னாலிருந்து நட்டுகளைக் கழற்ற வேண்டியிருக்கும். அந்த நட்டு கைதவறி பாடியின் இடுக்குக்குள் விழுந்தால் எடுப்பது பெரும்பாடு என்பதால் கீழே ஒரு துணியைத் திணித்துக்கொள்ளுங்கள்.

புதிய விளக்கை வாங்கும்போது கார் நிறுவனத்தின் பாகமாகவோ, லூமாக்ஸ், யூனோ மிண்டா போன்ற விளக்குத் தயாரிப்பாளர்களின் பாகமாகவோ பார்த்து வாங்குங்கள். பெயரில்லாத மலிவு விளக்கில் நான் முதலில் பார்ப்பது எரியும் வெளிச்சத்தை அல்ல, எரியாதபோது ஒளியைத் திருப்பி அனுப்பும் ரிஃப்ளெக்டர் பகுதியை. பல கார்களில் அது டெயில் லைட்டுக்குள்ளேயே இருக்கும். வண்டி மின்சாரமின்றி இருட்டில் நிற்கும்போது, பின்னால் வரும் லாரி ஓட்டுநருக்கு அது மட்டுமே தெரியும். மலிவு விளக்குகளில் அந்த இடத்தில் தேன்கூடு போன்ற கோலம் மட்டும் இருக்கும், ஒளி திரும்பாது. கடையிலேயே செல்போன் டார்ச்சைக் கண்ணுக்கு அருகே வைத்து அடித்துப் பார்த்தால் வேறுபாடு தெரிந்துவிடும். பின்புற ரப்பர் அல்லது நுரைப் பட்டை முழுமையாக இருக்கிறதா என்பதையும் பாருங்கள்; அது இல்லாவிட்டால் மழைத்தண்ணீர் டிக்கிக்குள் இறங்கி ஸ்டெப்னிக் குழியில் தேங்கும். கப்ளரை மாட்டி எல்லா விளக்கும் எரிகிறதா என்று பார்த்த பிறகே உள்ளே தள்ளுங்கள். ஸ்க்ரூவைக் கையால் நின்ற அளவோடு விடுங்கள். கூடுதலாக ஒரு திருகு திருகினால் பிளாஸ்டிக் காது கீறும்.

பராமரிப்பில் பெரிய வேலை எதுவும் இல்லை என்றாலும், செய்யக் கூடாதவை சில உண்டு. டெயில் லைட்டின் வெளிக்கண்ணாடி பெரும்பாலும் அக்ரிலிக்கால் ஆனது. வெயிலை நன்றாகத் தாங்கும். பெட்ரோல், தின்னர் போன்ற கரைப்பான்களைத் தாங்காது. தார்க்கறையை எடுக்கிறேன் என்று பெட்ரோல் துணியால் துடைத்தால் சில வாரங்களில் உள்ளே மயிரிழைபோன்ற விரிசல்கள் படரும். ஷாம்பூ கலந்த தண்ணீரும் மென்மையான துணியும் போதும். வாட்டர் வாஷ் செய்யும்போது துப்பாக்கியை விளக்கின் ஓரத்துக்கு மிக அருகில் காட்ட வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். மழைக்குப் பிறகு உள்ளே மெல்லிய பனிப்படலம் தோன்றி, சற்று நேரம் விளக்கு எரிந்தவுடன் மறைந்தால் அது பழுதல்ல. விளக்கு மூச்சுவிடுவதற்கென்று பின்னால் சிறு துளை வைத்திருப்பார்கள். தண்ணீர் அடியில் தேங்கி நின்றால்தான் பழுது. அப்போது விளக்கைக் கழற்றி, ஹோல்டர்களை எடுத்துவிட்டு, நிழலில் நன்றாக உலர்த்தி, விரிசல் உள்ள இடத்தில் மட்டும் சிலிகான் பூச வேண்டும். எல்லா ஓட்டைகளையும் சிலிகானால் அடைத்துவிட்டால் மூச்சுத் துளையும் சேர்ந்து அடைபடும். பிறகு உள்ளே போன ஈரம் வெளியேறவே வழியிருக்காது.

மாதம் ஒரு முறை விளக்குகளைச் சரிபார்ப்பதற்கு இன்னொருவர் தேவையில்லை. இருட்டிய பிறகு ஒரு சுவருக்கு முன்பாகப் பின்பக்கத்தைக் காட்டி நிறுத்தி, பிரேக், இண்டிகேட்டர், ரிவர்ஸ் என்று ஒவ்வொன்றாகப் போட்டு, பின்னால் பார்க்கும் கண்ணாடியில் பாருங்கள். சுவரில் விழும் வெளிச்சம் இரு பக்கமும் சமமாக இருக்க வேண்டும். நம்பர் பிளேட் விளக்கையும் விட்டுவிடாதீர்கள். பதிவெண் இரவில் 15 மீட்டர் தொலைவிலிருந்து படிக்கும்படி வெள்ளை ஒளியில் தெரிய வேண்டும் என்பது 1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் உள்ளது. புதிய கார்களில் ஓட்டுநரின் கவனக்குறைவு ஒன்றும் சேர்ந்துகொள்கிறது: மீட்டர் எப்போதும் ஒளிர்கிறது, முன்னால் பகல் விளக்கும் எரிகிறது, நகரத் தெருவிளக்கில் எல்லாம் எரிவதாக நினைத்து, பின்னால் ஒரு விளக்கும் இல்லாமல் ஓட்டிச் செல்பவர்களை நாள்தோறும் பார்க்கிறோம்.

கடைசியாக எல்இடி. உங்கள் காரின் டெயில் லைட்டில் எல்இடி பல்பு மாட்ட வேண்டாம் என்பதே என் கருத்து. உள்ளே இருக்கும் வெள்ளிக் கிண்ணமும் வெளிக்கண்ணாடியின் கோடுகளும், குறிப்பிட்ட ஒரே இடத்தில் எரியும் இழையை மனத்தில் வைத்து வடிவமைக்கப்பட்டவை. எல்இடி சில்லுகள் வேறு இடங்களில் இருப்பதால் நேர் பின்னால் பளிச்சென்று தெரிந்தாலும் சாய்கோணத்தில் மங்கும். வெள்ளை எல்இடியை சிவப்புக் கண்ணாடிக்குப் பின்னால் வைத்தால் இன்னும் மோசம். அதன் ஒளியில் அடர்சிவப்பு குறைவு என்பதால் பெரும்பகுதி கண்ணாடியிலேயே நின்றுவிடும். மலிவு வகைகளில் பார்க்கிங் வெளிச்சத்துக்கும் பிரேக் வெளிச்சத்துக்கும் வேறுபாடு குறைவாக இருப்பது பெரிய ஆபத்து. நீங்கள் பிரேக் பிடித்தது பின்னால் வருபவருக்குத் தெரியாது. இண்டிகேட்டரில் போட்டால் மின்சாரம் குறைவாக எடுப்பதால் பல்பு போய்விட்டது என்று நினைத்து, இண்டிகேட்டரைத் துடிக்க வைக்கும் ஃப்ளாஷர் வேகமாகத் துடிக்கும்; அதைச் சரிசெய்ய வைக்கும் ரெசிஸ்டர் கை வைக்க முடியாத அளவுக்குச் சூடாகும். நிறுவனமே எல்இடியாக வடிவமைத்த டெயில் லைட் வேறு விஷயம். அதில் கிண்ணம், கண்ணாடி, மின்சுற்று எல்லாம் அதற்கென்றே அமைந்தவை. உங்கள் வண்டிக்கு இப்போது தேவைப்படுவது ஒரு துண்டு உப்புத்தாளும், எர்த் போல்ட்டுக்கு ஏற்ற ஸ்பானரும், நல்ல நிறுவனத்தின் பி21/5டபிள்யூ பல்பு இரண்டும்தான். அவற்றைச் செய்த பிறகும் வலப்பக்கம் மங்கினால், கப்ளருக்கு வரும் பிரேக் ஒயரில் வோல்டேஜ் முழுமையாக வருகிறதா என்று எலக்ட்ரீஷியனை மீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். எஞ்சின் ஓடும்போது அது 13 வோல்ட்டுக்கு மேல் இருக்க வேண்டும்.